மலேயாவுக்குக் கிளம்பிய சமையல்காரர்

பாகூரிலிருந்து குருவிநத்தத்துக்குப் போன மாட்டுவண்டியில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரத் துரை வீட்டுச் சமையல்காரர். துரை கொடுத்த பழைய கோட்டின் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஆற்றைக் கடந்து கடலூர் போய், அங்கிருந்து மலேயாவில் ஓர் இங்கிலீஷ் துரையிடம் வேலைக்குப் போகிறாராம்.

நான் கடலூரில் இங்கிலீஷ் படித்தவன் என்று தெரிந்ததும் விடவில்லை. "எதுனா கேளுங்க, இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றார்.

நாம் இடத்தைச் சொல்லிவிட்டுப் பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் பொருள் முன்னே, இடம் பின்னே. அது அவருக்குப் பிடிபட்டிருந்தது. மேசைமேல் இருக்கும் கத்தி என்றேன். "தி நைஃப் ஆன் தி டேபிள்." வெளியே நிற்கும் நாய். "தி டாக் அவுட்சைட்." சொன்ன கையோடு பொத்தானுக்குப் போய்விடுவார். பார்த்துப் பார்த்து எனக்கே இருப்புக்கொள்ளவில்லை.

"வூட்ல இருக்கிற கொழந்தை" என்றேன், வாய்க்கு வந்ததை.

"எந்த வூட்ல?"

"ஒங்க வூட்லன்னுதான் வெச்சுக்குங்களேன்."

கை பொத்தானிலேயே நின்றது. ஆற்றங்கரை வந்தது. வண்டியை விட்டு இறங்கியதும், "இந்த மூட்டையக் கொஞ்சம் பாத்துக்குங்க. புள்ளைய ஒரு தரம் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று வந்த வழியே வேகமாக நடந்தார்.

வெயில் சாயும்வரை மூட்டையும் நானுமாக மணலில் இருந்தோம். அக்கரையில் எனக்கிருந்த வேலை கெட்டது. வழியில் யார் தலை தெரிந்தாலும் எரிச்சலோடு எழுந்து பார்த்தேன். அவரில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக உட்கார்ந்தேன்.