கலீல் பாயின் பலாமாவு

உள்ளறையில் கலகலவென்று சத்தம் கேட்டது. முன்னறையில் பழைய சிநேகிதனான என்னோடு பேசிக்கொண்டிருந்த கலீல் ரஹ்மான் பேச்சை நிறுத்திக் காதைச் சாய்த்தார். தகரத் தட்டுகளில் பரப்பியிருந்த பலாக்கொட்டைகளை அவர் மனைவி ஷமீமா எங்கோ நகர்த்திக்கொண்டிருந்தார்.

“கடைசித் தட்டு இன்னும் ஈரம். அது மேல எதையும் அடுக்காதே” என்றார் இருந்த இடத்திலிருந்தே. காய்ந்த கொட்டை கலகலக்கும், ஈரக்கொட்டை தொப்பென்று விழும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை அவருக்கு.

“ஈரமா இருந்தா என்ன, காஞ்சா என்ன? சம்மந்தி வாரதுக்குள்ள இதுல ஒண்ணுகூட வெளிய தெரியக்கூடாது” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அன்னவாசலில் கலீல் பாயைத் தெரியாதவர்கள் குறைவு. பலா சிப்ஸ் போடும் கொட்டகை வாசலில் விடிந்ததும் முதலில் வந்து நிற்பது அவருடைய பழைய மொபெட்தான். உள்ளே சுளைகள் எண்ணெயில் பொரியும் வாசனை தெருவையே இழுக்கும். அவர் மட்டும் பின்பக்கக் குவியலுக்குப் போவார். தோலை மாடுகளுக்கு விட்டுவிட்டு, கொட்டைகளையும் சுளையைச் சுற்றியிருக்கும் சடையையும் தனித்தனிச் சாக்கில் அள்ளுவார். பழத்தை விட்டுவிட்டுக் குப்பைக்கு வந்து நிற்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று கொட்டகைக்காரர் சேவுகன் அலுக்காமல் சீண்டுவார்.

“பழத்துக்கு ஊரே நிக்குது. இதுக்கு யாரு இருக்கா?” என்பார் இவர், சாக்கின் வாயை இறுக்கிக்கொண்டே.

கொட்டையைக் காயவைத்து, மேல்தோலை உரித்து, வறுத்து அரைத்தால் வெளுத்த மாவு கிடைக்கும். லேசாகக் கடலை மணக்கும். சடையைக் கொதிக்கவிட்டுத் துணியில் பிழிந்தால் கொழகொழவென்று ஒரு சாறு இறங்கும். சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சி டம்ளரில் ஊற்றினால், ஆறியதும் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும். அதை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறந்த குழந்தையை முதன்முதலாகப் பார்க்கிற தகப்பனின் முகம் அப்போது அவருக்கு.

ஷார்ஜாவில் ஒரு பழச்சாறு கம்பெனியில் மெஷின் கழுவிய காலத்தில் பிடித்த பித்து இது. சாறு பிழிந்த ஆரஞ்சுத் தோலை ஏற்றிப் போக அங்கே ஒரு லாரி வரும். எங்கே கொட்டுவீர்கள் என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறார். கொட்டுவதற்கு இல்லை, ஜாமைக் கெட்டியாக்கும் பொடி செய்வதற்கு என்று பதில் வந்ததாம். “அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு. நம்ம ஊர்ல எம்புட்டுப் பலா!” என்று இன்றைக்கும் சொல்வார்.

அந்தப் பித்துதான் அவர் மகளின் வாழ்க்கையில் முள்ளாக வந்து தைத்தது.

தஸ்லீமாவின் கல்யாணம் பலாப்பழக் காலத்தில் நடந்தது. பந்தி முடிந்து எல்லாருக்கும் சுளை கொடுத்தார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால், சமையல்காரர்கள் உரித்துப் போட்ட கொட்டைகள் மலையாகக் கிடந்தன. பெண்ணைப் பெற்றவருக்குக் கை சும்மா இருக்குமா? புதுச் சட்டையும் தொப்பியுமாகக் குனிந்து சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் ‘பொண்ணோட அத்தா எச்சில் பொறுக்குறாரு’ என்று பேச்சு மாப்பிள்ளை ஊரான கோட்டைப்பட்டினம் வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாயார் ஜன்னத் பீவி அதற்குப் பிறகு இந்த வீட்டில் வாய் நனைக்கவில்லை.

இப்போது தஸ்லீமா நிறைமாதத்தை நெருங்குகிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். குப்பை சேர்க்கிற வீட்டில் பிள்ளைத்தாச்சியை எப்படி விடுவது, நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவதைப் பற்றிப் பேசுவேன் என்று ஜன்னத் பீவி சொல்லிவிட்டார். மகளோ போன் செய்யும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறாள்: “எப்ப அத்தா வந்து கூட்டிட்டுப் போவீங்க?” போனை ஷமீமாவிடம் நீட்டிவிடுவார் கலீல்.

கார் வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்தபடி உள்ளே வந்த ஜன்னத் பீவி, உட்காருவதற்கு முன்பே மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டார். ஷமீமா தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். வீட்டில் செய்த எதையும் அன்று தட்டில் வைப்பதில்லை என்பது அவருடைய தீர்மானம். பக்கத்து வீட்டு அமுதவல்லி திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர். அவரிடம் சொல்லி, கீரனூரில் இறங்கி வாங்கிவரச் செய்திருந்தார்.

“வீட்ல செஞ்சதா?” என்று கேட்டார் ஜன்னத் பீவி.

“இல்லங்க, கீரனூர் பேக்கரியில வாங்குனது.”

அதன் பிறகே அவர் கை நீண்டது. ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்துப் பாதியைக் கடித்தார். வாயில் போட்டதும் கரைகிறதே என்றார். ஷமீமாவின் முகத்தில் பெருநாள் நிலவு எழுந்தது.

கலீலின் முகம் மட்டும் இருண்டது. ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்து முகர்ந்தார். பிஸ்கட் வந்த டப்பாவை எடுத்துத் திருப்பிப் பேரைப் படித்தார். மரியசெல்வம் பேக்கரி. வாராவாரம் அவர் மாவு மூட்டை போய் இறங்குகிற இடம் அது. மாவு யாருக்குப் போகிறது என்று ஷமீமா ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டைவிட்டுப் போனால் போதும் அவருக்கு.

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்துவிடச் சொல்லி ஷமீமாவின் கண்கள் கெஞ்சின.

“சம்மந்தி, கொஞ்சம் இருங்க” என்றார் கலீல். “இது என்னோட மாவு கலந்தது. பலாக்கொட்டை மாவு. நீங்க வேணாம்னு ஒதுக்குனதை, ஒங்களுக்குத் தெரியாம திங்க விட்டா அது எனக்குப் பாவம்.”

ஷமீமா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். மகளை வீட்டுக்கு வரவிடாமல் இந்த மனிதர் தன் வாயாலேயே கதவை அடைத்துக்கொண்டாரே என்று எனக்குத் தோன்றியது.

ஜன்னத் பீவி மிச்சப் பாதியைச் சாசரில் வைத்தார். “கல்யாணத்தன்னைக்குச் சாக்கோட நின்னீங்களே, அதுவும் இதுக்குத்தானா?”

“ஆமாங்க. சமையல்காரங்க உரிச்சுப் போட்டது. யாரு தட்டுலருந்தும் ஒண்ணும் எடுக்கல.”

“அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“யாரும் கேக்கலையே. அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்கன்னா நான் என்ன செய்ய?”

ஜன்னத் பீவி எழுந்து நேராக உள்ளறைக்குப் போனார். கட்டிலின் அடிப்பக்கத்தை மறைத்துப் போர்வை தொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்தார். தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு கொட்டையை எடுத்துத் தேய்த்து, விரலை மோந்தார். பிறகு ஷமீமாவின் பக்கம் திரும்பினார்.

“இப்புடி ஒளிச்சு வச்சா பூஞ்சை புடிக்காதா? தூக்கி வெயில்ல போடுங்க.”

ஷமீமா தலையைக் குனிந்துகொண்டார். கலீல் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார்.

அதற்கு மேல் ஜன்னத் பீவி உட்காரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டிரைவரைக் கூப்பிட்டு, டிக்கியில் இருப்பதை இறக்கச் சொன்னார். நீல நிறத்தில் ஒரு துணிப்பை வந்தது. பையின் வாயில் தஸ்லீமாவின் உடுப்பு எட்டிப் பார்த்தது. இறக்குவதா, திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியாமலேயே அதை அவ்வளவு தூரம் ஏற்றிவந்திருக்கிறார்.

“வெள்ளிக்கெழமை ஜும்மா முடிச்சுட்டு வந்து புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க” என்று கலீலிடம் பையை நீட்டினார். “மாடிப்படி ஏற விடாதீங்க.”

கார் கிளம்பியது. அது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்த ஷமீமா, உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மூட்டைகளைத் தோளில் தூக்கியெறிகிற மனிதர், அந்தச் சின்னப் பையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மாவு படியாத இடம் ஒன்றைத் தேடி அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி நின்றார்.