கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் மேட்ச்

எனக்கு இரண்டு விளையாட்டு, இரண்டு விதமான கோபம். கால்பந்தில் வரும் கோபம் திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். கிரிக்கெட்டில், அதிலும் இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்தில் வரும் கோபம் லேசில் ஆறாது. ஆட்டம் முடிந்த பிறகும் தெருவில் ஆள் தேடிக்கொண்டு அலையும். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தக் கோபத்துக்கு என் நண்பனையே ஒருநாள் வாசலில் நிறுத்திக் காட்டிக்கொடுத்தவன் நான். வேறு தகுதி இல்லை.

மும்பையில் நான் இருப்பது தாராவி. அவன் சீத்தா கேம்ப். இருவருக்கும் ஐரோலியில் ஒரே கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. பதினான்கு வருடமாகக் காலையில் செம்பூர் நாக்காவில் கம்பெனி பஸ் ஏறுகிறோம், பக்கத்துப் பக்கத்து சீட். இருவர் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன், அவன் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறவன். எங்களுக்குள் சண்டை அதைப் பற்றி ஒருநாளும் வந்ததில்லை. கால்பந்தைப் பற்றி வராத நாள் இல்லை.

இங்கிலாந்தில் ஒரே ஊரில் இரண்டு கிளப்புகள். ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை, மற்றதற்கு நீலம். அவன் சிவப்பு, நான் நீலம். அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இருவரும் முழிப்போம். அவனுக்கு மச்சான் துபாயிலிருந்து சிவப்பு டவல் கொண்டுவந்து கொடுத்தான், அதிலிருந்து அவன் சிவப்பு. என் கதை இன்னும் கேவலம். எங்கள் சந்தில் ஒரு ரூமில் டூப்ளிகேட் ஜெர்சி தைப்பார்கள். பத்தாம் நம்பரில் சைபர் ஒட்டாமல் போன ஒரு நீலச் சட்டையைக் கழித்துப்போட்டார்கள். ஓசியில் கிடைத்தது, போட்டுக்கொண்டேன். சட்டையைப் போட்ட பிறகுதான் அது எந்த கிளப் என்று விசாரித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. நாமாகப் பிடித்த கழுதையை நாமே அவிழ்த்துவிடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பது என் கட்சி.

அவன் கிளப் தோற்றால் அவன் திட்டுவதைக் கேட்க வேண்டும். "அந்த டிஃபெண்டருக்கு நம்ம டெம்போ டிரைவர் வேலைகூட கொடுக்கக் கூடாதுலே, ரிவர்ஸ் எடுக்கத்தான் தெரியுது" என்பான். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் குரலைக் குறைக்க மாட்டான். நான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவேன். வாஷி தாண்டியதும் அவன் டிபனில் இருந்து இடியாப்பத்தை எடுத்துத் தின்பேன்.

கிரிக்கெட் பார்க்க அவன்தான் எப்போதும் என் வீட்டுக்கு வருவான். என் ரூமில் டிவி பெரியது. ரூம்தான் சின்னது. கட்டிலில் நாலு பேர், கீழே ஐந்து பேர், மாலா என்று நாங்கள் சொல்லும் மேல்தட்டுக்குப் போகிற இரும்பு ஏணியில் ஒருவர். எங்கள் சந்தில் மேட்ச் பார்ப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. எதிரணி விக்கெட் விழும்போது யார் எங்கே இருந்தார்களோ, அடுத்த விக்கெட் விழும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அது விழுந்தால் விடுதலை. அசைந்தால் ராசி போய்விடும். என் மைத்துனன் ஒருமுறை மீன் கழுவிய கையோடு, பாத்திரம் கழுவும் மோரியிலேயே ஒரு மணிநேரம் குந்தியிருந்தான். என் மனைவியை ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் காய்ந்த துணி மூட்டையோடு ஏணியில் ஆறு ஓவர் நிற்க வைத்தோம். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். பாகிஸ்தான் பேட்டிங். இரண்டு பேர் அவுட் ஆகாமல் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நண்பனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. ரூமில் இரைச்சல் என்று வாசலுக்கு வெளியே போனான். அவன் கால் சந்தில் படவும் ஸ்டம்ப் பறக்கவும் சரியாக இருந்தது.

"அங்கனயே நில்லு மக்கா! உள்ள வந்துராத!" என்று கத்தினேன்.

அவன் சிரித்துக்கொண்டே நின்றான். நாலு பந்தில் இன்னொரு விக்கெட். சட்டப்படி அவனை விட்டுவிட்டிருக்க வேண்டும். நான்தான் ஆசை தாங்காமல், "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு விழட்டும்" என்றேன். சாக்கடையை மூடியிருந்த கல்லின் மேல், வெயிலில், வருகிறவர் போகிறவருக்கு ஒதுங்கி ஒதுங்கி நின்றான்.

அந்த வழியாகப் போன யாரோ, இவர் ஏன் வெளியே நிற்கிறார் என்று கேட்டார்கள். பக்கத்து ரூம்காரர் தன் வாசலில் இருந்தே பதில் சொன்னார். "பாகிஸ்தான் மேட்ச்லா. அதான் பாயை வெளிய நிப்பாட்டிருக்கான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. அந்தப் பந்தில் ரன்கூட எடுக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமில்லாத அந்த ஒரு பந்துக்காகத்தான் என் நண்பனை விட்டுக்கொடுத்தேன்.

ஆட்டம் ஜெயித்து, பட்டாசு வெடித்து, வெளியே எட்டிப் பார்த்தால் அவன் இல்லை. அவன் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் திறக்காமல் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் பாக்ஸைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அதுல என்னலே இருக்கு, விளையாட்டுதான" என்றான். உடனே அவன் கிளப்பின் கோல்கீப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பழைய சீட், பழைய சண்டை, பழைய இடியாப்பம். எனக்கு நிம்மதியாகிவிட்டது. மடையனுக்கு நிம்மதி சீக்கிரம் வரும்.

அடுத்த பாகிஸ்தான் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றான். அதற்கடுத்ததற்குக் கூப்பிட்டேன். சொந்தத்தில் கல்யாணம் என்றான். கால்பந்துக்கு மட்டும் போன் போட்டுத் திட்டுவான், கிரிக்கெட் என்றால் மழுப்புவான். கோபம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இது கோபமாகவும் இல்லை. என் மனைவிதான் கேட்டாள். "மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுதியளே, அவங்க வாசல்ல போய்க் கேட்டியளா, பஸ்ஸுல வச்சுக் கேட்டியளா? அவமானப்படுத்துனது வாசல்லதான?"

சுருக்கென்று தைத்தது. முதலில் பக்கத்து ரூம்காரரிடம் போனேன். அவர், "தமாஷுக்குச் சொன்னம்ப்பா" என்றார். "தமாஷுக்குன்னா அவன் சிரிச்சானா?" என்று கேட்டேன். இப்போதும் என்னோடு பாதிப் பேச்சுதான் பேசுகிறார். பேசாவிட்டால் போகட்டும். அந்த விக்கெட் சட்டத்தையும் எங்கள் ரூமில் அன்றோடு நிறுத்திவிட்டேன். இதில் என் மனைவிக்குத்தான் பரம சந்தோஷம்.

அவன் வரவில்லை என்றால் நான் போவது என்று முடிவு செய்தேன். அடுத்த பாகிஸ்தான் ஆட்டத்தன்று மான்கூர்டு ஸ்டேஷனில் இறங்கி சீத்தா கேம்ப்புக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். பெருநாளுக்குப் பிரியாணி தின்னப் பலமுறை போன இடம்தான். ஆனால் இந்த ஆட்டத்தன்று ஒருநாளும் போனதில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஆட்டோவில் போகும்போது, அங்கே எந்தப் பக்கத்துக்குக் கைதட்டுவார்கள் என்று என் மனதின் ஒரு மூலை கேட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனின் தெருவைப் பற்றி அப்படி நினைத்தேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் நினைத்தேன்.

தெருமுனை டீக்கடையில் டிவிக்கு முன்னால் கூட்டம். இந்திய ஜெர்சிகள், எங்கள் சந்திலேயே தைத்தவையாக இருக்கும். நம் ஆள் ஒரு பவுண்டரி அடித்ததும் கிளம்பிய விசில் காதைப் பிளந்தது. சீட்டி அடித்தவர்களைப் பார்த்து என் முகம்தான் சுருங்கியது.

அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அவன் மனைவி திறந்தாள். "வாங்கண்ணே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க" என்றாள். உள்ளே அவன் தனியாக, சத்தத்தை இரண்டு கோட்டுக்குக் குறைத்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் செஞ்சது தப்பு. ஒன்ன நிப்பாட்டினது நான், அந்தாளு சொன்னதைக் கேட்டும் வாயைத் தொறக்காததும் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன் வாசல் நிலையில் நின்றபடியே.

அவன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். பிறகு, "உள்ள வந்து உக்காருலே, கதவைச் சாத்து" என்றான்.

"வெக்கையா இருக்கே, எதுக்குச் சாத்தணும்?"

"இந்த மேட்ச்ச வீட்டுல பாத்தா மட்டும் இப்படித்தாண்ணே" என்றாள் அவன் மனைவி. "கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கேன்."

அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்மாளு அவுட் ஆனா நீ 'சே'ன்னு கத்துவ. ஒன் வாயிலேர்ந்து வந்தா அது சே. என் வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வந்தா, அது என்ன சத்தம்னு ரோட்டுல போறவன் நின்னு யோசிப்பான். எதுக்கு வம்பு? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நம்ம வாயைத்தான் மூடணும்."

டீக்கடைக்காரர்கள் கத்துகிறார்களே என்றேன். அவங்க நம்ம டீம் ஜெயிக்கிறப்போ கத்துறாங்க, அது யாருக்கும் பிரச்சினை இல்லை என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ரூமில் எத்தனை ஆட்டம் பார்த்திருப்பான்! நான் நம் கேப்டனை, நம் தேர்வாளர்களை, நம் ஓப்பனரின் ஏழு தலைமுறையை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அவன் ஒருமுறைகூட நம் அணியைத் திட்டியதில்லை. நாலுக்குக் கைதட்டுவான், ஆறுக்கு எழுந்து நிற்பான், சொதப்பினால் சும்மா இருப்பான். சிவப்புக் கிளப்பை பஸ் அதிரத் திட்டுகிற வாய் அது. கிரிக்கெட்டில் அவன் பெரிய பொறுமைசாலி என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கச் சட்டென்று கோபப்பட்டேன். "நீ நம்ம டீமை என் முன்னால திட்டுற வரைக்கும் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் வருவேன். ஒனக்குச் சோறு போட இஷ்டமில்லன்னா சொல்லு, நான் கட்டிட்டு வாரேன்" என்றேன்.

"பைத்தியக்காரா" என்றான். ஆனால் கதவை நான் திறந்து வைத்தபோது எழுந்து வந்து சாத்தவில்லை. சத்தத்தை மட்டும் கூட்டவில்லை.

அதன் பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ, எத்தனை வந்தாலும் போனேன். ஒருமுறை காய்ச்சலோடு போனேன். ஒருமுறை ரயில் ஓடாத மெகா பிளாக்கில் இரண்டு பஸ் மாறி, டாஸ் முடிந்து பத்து ஓவர் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். நான் திட்டுவேன், அவன் தலையை மட்டும் ஆட்டுவான். விடவில்லை. பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்றைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொந்த அணியை வாயாரத் திட்ட முடியாதவனுக்கு அதைச் சொந்த அணி என்று கொள்ள ஊர் இன்னும் விடவில்லை என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்த கிளப் ரசிகனைக் கேட்டாலும் சொல்வான்.

போன ஆட்டத்தில் நம் ஃபீல்டர் ஒரு கேட்சை விட்டார். கைக்குள் வந்து விழுந்த பந்து, குழந்தைகூடப் பிடிக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு சத்தம்.

"ஏலே, கையில வெண்ணெயத் தடவிட்டா வந்த? எறங்கி வீட்டுக்குப் போலே! ஒன்னை எவம்லே டீமுல எடுத்தான்?"

அவன் எழுந்து நின்றிருந்தான். கதவு திறந்திருந்தது. அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஓடிவந்து என்னைப் பார்த்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து அதே ஃபீல்டரை இந்தியில் இன்னும் மோசமாகத் திட்டும் குரல் வந்தது.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். திங்கட்கிழமை செம்பூர் நாக்காவில் பஸ் ஏறியதும் ஆரம்பித்தான். அந்தக் கேட்ச், கேப்டனின் ஃபீல்டிங் அமைப்பு, தேர்வாளர்களின் மூளை, ஒன்றையும் விடவில்லை. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஐரோலி வரை குரலைக் குறைக்கவே இல்லை.