இடது கால் வரைபடம்

கைகள் முதலில் பழுதான டிஸ்க்கின் மேல் சிவப்பு டேப்பை ஒட்டின. அதன் பிறகே கேபிளைத் தொட்டன. சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்க்கிலிருந்து படிக்கலாம், எதையும் எழுதக் கூடாது. ஒருமுறை பழைய நகலைப் புதியதன் மேல் கொட்டி, மகள் தவழ்ந்த படங்களை அழித்துவிட்டு, மனைவியிடம் இன்றும் பேச்சு வாங்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம் அது.

மனைவியின் அண்ணன் இருப்புக்கொள்ளாமல் கடைக்குள் நடந்துகொண்டிருந்தார். கோணலான பாதங்களுக்கு அளவெடுத்து ஷூ தைப்பவர். அந்தப் பாதங்களின் வரைபடங்கள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரின் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. காலையிலிருந்து பாதி திறக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு சிறுமி வருவாள், நான்கு மணி பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவாள். அதற்குள் அவளுடைய இடது ஷூ தயாராக வேண்டும். விட்டால் ஆறு மாதம் அவள் நொண்டத்தான் வேண்டும்.

"நகல்ல இருக்கற எல்லாத்தையும் பழைய இடத்துலயே கொட்டிடுங்க மாப்ளே. ஒரு பட்டன்தானே?"

"கொட்டலாம் மச்சான். நகல் எடுத்து மூணு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் நீங்க போட்டதெல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

மச்சான் கொஞ்சம் இறங்கிவந்தார். திறக்காததற்குப் பழசு, திறப்பதற்கு இருக்கிற புதுசு என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மெக்கானிக் பழைய நகலைத் தனி ஃபோல்டரில் இறக்கி, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் இருந்த புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தார். பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. மேசைக்கடியில் அவர் காலும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சியப் பாக்கவே உங்களுக்கு அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு."

"அதனாலதான் மச்சான் இப்ப நிதானமாப் பாக்குறேன்."

சிறுமியின் இடது கால் புதியதிலும் நன்றாகத் திறந்தது, திங்கட்கிழமைத் தேதியோடு. அடுத்ததற்குப் போகவிருந்த விரல் நின்றது. வலது கால் பதினெட்டு சென்டிமீட்டர். இடது இருபத்தைந்து. பழைய நகலில் பதினேழு.

மச்சான் நடை நின்றது. அளவு கொடுக்கப் புதிதாக ஒருவர் வந்தால் மச்சான் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து, எண்களை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பார். திங்கட்கிழமை அப்படி அளவு கொடுக்கத் தபால்காரர் ஒருவர் வந்திருந்தார்.

"பேர மாத்தாமயே சேவ் பண்ணித் தொலைச்சிருக்கேன்," என்றார் மெதுவாக. "இதை வச்சு வெட்டியிருந்தா..."

திறந்தவற்றில் சிறுமிக்கு மட்டும் மெக்கானிக் பழசை எடுத்தார். இருபத்தைந்தை அழிக்காமல் தபால்காரர் பெயரில் மாற்றி வைத்தார். மீதி நாற்பத்தொரு வரைபடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் புது டிஸ்க்கில் ஏற்றினார். கடிகாரத்தைப் பார்க்காதிருக்கப் பாடுபட்டார். பன்னிரண்டரை ஆகியிருந்தது.

பிரிண்டர் துப்பிய தாளின் மேல் ஸ்கேலை வைத்தார். சரியாகப் பதினேழு. சிவப்பு டேப்பைப் பிரிக்காமலே பழைய டிஸ்க்கையும், புதியதையும், மேலே மடிக்காத அந்தத் தாளையும் மச்சான் கையில் வைத்தார்.