கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஒரு லாரி

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்த கையோடு என் தங்கை ஸ்டெல்லாவிடமிருந்து போன். வழக்கமாக 'சாப்டியாண்ணா' என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று அதுகூட இல்லை.

"ண்ணா... உங்க மாப்ள லாரிய வித்துடப் போறேன்னு உக்காந்துக்கினு இருக்காரு. நீ கொஞ்சம் வந்து பேசு."

மாப்பிள்ளை அந்தோணிக்கு லாரி என்றால் உயிர். பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டுச் சொந்தமாக வாங்கியது. திண்டிவனம் பக்கத்துக் கிரஷரில் ஜல்லி ஏற்றி, விழுப்புரத்தில் இறக்குவதுதான் வேலை. மகள் நர்சிங் படிப்பதும் அந்த வண்டியை நம்பித்தான். அதை விற்பதாவது? நான் இருக்கும் திண்டிவனத்திலிருந்து அவர்கள் ஊரான ஒலக்கூர் அப்படியொன்றும் தூரமில்லை. கிளம்பிவிட்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால், போகிற வழியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவேன். அன்றும் எழுதிவிட்டேன் — 'புருஷன் பெண்டாட்டி சண்டை, மத்தியான சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும்.'

போய்ப் பார்த்தால், வாசலில் லாரி நிற்கிறது. முன் கண்ணாடி முழுக்க விரிசல். உள்ளே மாப்பிள்ளை டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். டி.வி. ஓடவில்லை.

என் தீர்ப்பை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை, பொழுது சாயும் நேரம். ஜல்லி லோடோடு விழுப்புரம் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர் மச்சான். லைட்டு கெடையாது. ரோடும் கரும்புத் தோகையும் அந்த நேரத்துல ஒரே கலரா இருக்குது. கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. ரைட்ல ஏறலாம்னு மிரரப் பாத்தா, ஒரு காரு பறந்து வந்துக்கினு இருக்குது. ஏறுனா கார்காரன் காலி. ஏறலன்னா டிராக்டர்காரன் காலி."

ஏறவில்லை. பிரேக்கின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். ஆனால் ஜல்லி ஏற்றிய வண்டி நினைத்த இடத்தில் நிற்குமா? கரும்பு வந்து கண்ணாடியில் இடித்த பிறகுதான் நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கார்க்காரர் நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டாராம். தான் பிழைத்த கதை அவருக்கு இன்றுவரை தெரியாது.

"கண்ண மூடுனா அந்தக் கரும்புதான் வருது. என்னால முடியாது மச்சான்."

சரி... தப்பு யார் மேல்?

நான் கார் ஓட்டுகிறவன். எனக்கு லாரி மேல்தான் எரிச்சல். லாரிக்காரருக்குக் கார் மேல். டிராக்டர்காரரைக் கேட்டால் எங்கள் இரண்டு பேர் மேலும் சொல்வார். கார் நூறைத் தாண்டிப் போகிறது. லாரி அறுபதுக்குப் பக்கத்தில். டிராக்டரோ சைக்கிளோடு போட்டி போடுகிறது. ஆளுக்கொரு ரோடு கொடுத்துவிட்டால் மூன்று பேருமே யோக்கியர்கள்தான். ஒரே ரோட்டில் விட்டால்தான் வில்லங்கம். அதில் ரொம்பச் சிரமப்படுவது நடுவில் இருக்கும் லாரிக்காரர். முன்னால் போகிறவரையும் அவரே காப்பாற்ற வேண்டும், பின்னால் வருகிறவரையும் அவரே காப்பாற்ற வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் நடு மருமகள் படும் பாடு!

இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொல்ல, மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஸ்டெல்லாதான் சட்டென்று கேட்டாள். "அந்த டிராக்டர்காரரப் போய்ப் பாக்கலாமா?"

"பாத்து? சண்ட போடவா?" என்றார் மாப்பிள்ளை.

"போட்டாலும் பரவால்ல. வூட்ல இப்பிடி உக்காந்துக்கினு இருக்கறதுக்கு அது எவ்ளோ மேலு."

டிராக்டர்காரர் பெயர் ஏழுமலை. அன்றைக்கு ரோட்டிலேயே இரண்டு பேரும் இறங்கிப் போன் நம்பர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் — திட்டுவதற்கா, நலம் விசாரிப்பதற்கா என்று அவர்களுக்கே தெரியவில்லை. போன் போட்டால், விழுப்புரம் பக்கம் சர்க்கரை ஆலை கேட்டில் லோடோடு காத்திருப்பதாகச் சொன்னார். என் காரில் மூன்று பேரும் போனோம்.

கேட்டுக்கு வெளியே வரிசையாகக் கரும்பு டிராக்டர்கள். டிரெய்லர் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழுமலை, மாப்பிள்ளையைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார்.

"வாங்கண்ணா. அன்னிலேர்ந்து நானும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினுதான் ஓட்டறேன். கழுத்தே புடிச்சிக்கிச்சி. ஒரே பேஜாரு."

சண்டைக்கு வந்தவர் இதற்கு என்ன செய்வார்? இருந்தாலும் மாப்பிள்ளை கேட்டுவிட்டார். "லைட்டு இல்லாம எதுக்குண்ணா ரோட்டுக்கு வர்றீங்க?"

"கரும்பு ஏத்தும்போது வயரு அறுந்து போவுதுங்க. ஆனா ரேடியம் ஸ்டிக்கர் இருக்குது. நானே ஒட்டுனேன்." ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்க, காட்டறேன்."

டிரெய்லரின் பின்பக்கம் போனோம். கரும்புதான் தெரிந்தது. ஏழுமலை குனிந்து, தொங்கும் தோகையை இரண்டு கையாலும் விலக்கினார். இன்னும் குனிந்தார். நாங்களும் குனிந்தோம்.

விஷயம் என்னவென்றால், கரும்பு ஏற்றும்போது டிரெய்லரின் பின்கதவைத் திறந்து கீழே தொங்க விட்டுவிடுவார்கள். அப்படித் தொங்க விட்டால், கதவின் வெளிப்பக்கம் உள்பக்கமாகிவிடும். அகலமான சிவப்பு ஸ்டிக்கர். கோணல் இல்லாமல் ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். அது பாவம், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே கரும்புக் கட்டில், திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் மட்டும் ஊருக்கே தெரிகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

ஏழுமலை தோகையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "காலி வண்டில ஒட்டினேங்க... அப்ப நல்லா தெரிஞ்சிது."

முதலில் சிரித்தது ஸ்டெல்லா. அப்புறம் ஏழுமலை. கடைசியில் மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார் — வியாழக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரிக்கிறாராம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

என் கார் டிக்கியில், வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத சிவப்பு முக்கோணம் ஒன்று கிடந்தது. வண்டி நின்றுபோனால் பின்னால் வைப்பார்களே, அதுதான். ஏழுமலை எங்கிருந்தோ ஒரு சவுக்குக் கழியைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை, தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சுப் போட்டு, முக்கோணத்தைக் கழியிலும் கழியைக் கரும்புக் கட்டிலும் இறுக்கினார். பிறகு தூரமாகப் போய் நின்று பார்த்தார். "இன்னும் ஒரு முழம் மேல ஏத்துங்கண்ணா... ம், அங்கதான்."

வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "நம்ம வண்டிக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்கண்ணா." ஒருவர் பைக்கில் போய் ரேடியம் ஸ்டிக்கர் ரோல் வாங்கி வந்தார். பலகைத் துண்டு, தகரம் என்று கிடைத்ததில் எல்லாம் ஒட்டினார்கள். "ஜல்தி, ஜல்தி, வரிசை நவுருது" என்று மாப்பிள்ளைதான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஓடாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்!

திரும்பும்போது காரில் அவராகவே சொன்னார். "நாளைக்கி கண்ணாடி மாத்திடலாம்."

ஸ்டெல்லா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டாள் — முதல் லோடுக்குத் தானும் கூட வருவேன் என்று.

போன வாரம் அவளிடமிருந்து மறுபடி போன். குரலில் மூச்சு வாங்கியது. நான் பயந்தே போனேன்.

"ண்ணா, இப்பதான் லோடு எறக்கனோம். அதே எடம், அதே நேரம். தூரத்துலயே செவப்பா தெரிஞ்சிது, ஏழுமலை அண்ணா வண்டிதான். இவரு அப்பவே ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டாரு. பின்னாடி வந்த காரெல்லாம் ஹாரன் அடிச்சிக்கினே போவுது, போவட்டும்னு வுட்டுட்டாரு. அப்புறம் நிதானமா ரைட்ல ஏறுனாரு. ண்ணா... பிரேக் சத்தமே கேக்கல."

கடைசி வரியை இரண்டு தடவை சொன்னாள். 'சாப்டியா' என்று அன்று நான்தான் கேட்டேன்.

உங்களுக்கு முன்னால் ஒரு லாரி திடீரென்று மெதுவாகப் போகிறதா? ஹாரனில் கை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்... அந்த லாரிக்கு முன்னால் ஒரு ஏழுமலை போய்க்கொண்டிருப்பார்.