வைட்டமின் ஏ-யும் என் உள்ளங்கைகளும்

வளைகுடாவில் ஒரு சலவைக் கம்பெனியில் பதினாறு வருஷம் இஸ்திரி போட்டுவிட்டு நான் ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தென்காசியில் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை அடிக்கிற மாதங்களில் யாரும் இஸ்திரிக்குத் துணி கொடுப்பதில்லை. காய்ந்தால்தானே கொடுப்பார்கள்? அப்படி ஒரு சாரல் நாளில் ஏஜெண்ட் கூப்பிட்டு அனுப்பினார். அதே நாடு, அதே மாதிரி சலவைக் கம்பெனி. நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு இதை விட்டால் இன்னொரு விசா வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பாய், கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்ல வயசப் பாக்க மாட்டான், மூஞ்சியத்தான் பாப்பான்," என்றார் ஏஜெண்ட். "திருவனந்தபுரத்துல மெடிக்கலுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. அதுக்குள்ள ஆளு கொஞ்சம் பளிச்சுனு ஆயிருங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் முகத்தை நன்றாகச் சவரம் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை மட்டும்தான் அப்படி விட்டேன்.

வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு டியூப் இருந்தது. என் மனைவிக்கு அவள் தங்கச்சி கொடுத்தது. "ரெட்டினால்னு சொல்லுவாங்க. வைட்டமின் ஏ-தான். ஒரு பட்டாணி அளவு போட்டா போதும், சுருக்கம் போயிரும்," என்று மனைவி என் முன்னால் நீட்டினாள். நான் வாங்கவில்லை. படிக்காமல் எதையும் உடம்பில் தடவக் கூடாது என்பது என் கொள்கை. ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? எந்தக் கட்டுரையையும் போன் தமிழாக்கிக் கொடுக்கும். அதையே சத்தமாக வாசிக்கச் சொன்னால் ஒரு பெண் குரல் வாசிக்கும். நான் துணியை நீவிக்கொண்டே கேட்பேன்.

இரண்டு நாள் கேட்டதில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வைட்டமின் ஏ பழைய தோலைச் சீக்கிரம் உதிரச் செய்து புதுத் தோலை வரவழைக்கிறது என்றது அந்தக் குரல். நல்ல விஷயம்தானே என்று நினைப்பதற்குள், தோல் சிவக்கும், உரியும், வெயில் தாங்காது என்றது. எலியின் முதுகில் தடவிப் பார்த்திருக்கிறார்கள் என்றது. அந்த எலிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. முன்காலத்தில் பனிப் பிரதேசத்துக்குப் போனவர்கள் துருவக் கரடியின் ஈரலைத் தின்று, அதிலிருந்த வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப்போய் உடம்பெல்லாம் தோல் உரிந்து கிடந்தார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவலை நான் தொடவில்லை.

"கரடி ஈரலுக்கும் ஆட்டு ஈரலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டும் ஈரல்தான் ஏட்டி."

"தென்காசியில எந்தக் கசாப்புக் கடையில கரடி தொங்குது, சொல்லுங்க பாப்போம்," என்று என் பங்கையும் சேர்த்துத் தின்றாள்.

ஆனால் அதே குரல்தான் எனக்கு வழியும் காட்டியது. கேரட், பப்பாளி, பூசணி, முருங்கைக் கீரை இவற்றில் இருப்பது கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும், மிச்சத்தை மாற்றாது, அதனால் விஷமாகாது. கேட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அளவு தெரியாத பயந்தாங்கொள்ளிக்கென்றே படைத்த பொருள் அல்லவா அது! அன்றே ஆரம்பித்தேன். காலையில் அரைக்கிலோ கேரட் பச்சையாக. பத்து மணிக்குப் பப்பாளி. மத்தியானம் பூசணிக்காய்க் கூட்டும் முருங்கைக் கீரையும். சாயங்காலம் மறுபடியும் கேரட்.

"வீட்டுல முயல் வளக்கீங்களா பாய்?" என்று காய்கறிக்கடை அண்ணாச்சி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விசா விஷயம் வெளியே தெரிந்தால் கண்ணு பட்டுவிடும்.

அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியை நான் கேட்கவில்லை. அந்நேரம் கரண்ட் போய், பின்னாலேயே போன் சார்ஜும் தீர்ந்திருந்தது.

நாலாவது வாரம் என் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். டீயை நீட்டினேன். அவர் டம்ளரை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேய் மச்சான், கைய விரியும்."

விரித்தேன். உள்ளங்கை இரண்டும் பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தன. தினமும் பார்க்கிற கை என்பதால் எனக்கு உறைக்கவில்லை. இஸ்திரிச் சூட்டில் கன்றியது என்று நினைத்திருந்தேன்.

"மஞ்சக்காமாலை," என்றார் மச்சான், தீர்ப்புச் சொல்வது போல. "இதோட மெடிக்கலுக்குப் போனீருன்னா அன்ஃபிட்டுன்னு குத்தி அனுப்பிருவான். பெறகு எந்த நாட்டுக்கும் போவ முடியாது."

காமாலை என்றால் எங்கள் ஊரில் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பத்தியம்தான். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி கிடையாது. மோரில் கீழாநெல்லி அரைத்துக் கலக்கிக் காலையில் ஒரு டம்ளர். மற்றபடி லேசாகச் செரிப்பதாகக் கொடுக்க வேண்டும். செய்தி தெருவுக்குள் பரவி, ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பப்பாளி. அவித்த பூசணி. உப்பில்லாத கேரட் சூப். "பாவம், வாய் கசக்கும், சக்கரவள்ளிக் கிழங்கு குடுங்க," என்று ஒரு கூடை. நான் பத்தியத்தைப் பயபக்தியோடு தின்றேன். தின்னத் தின்ன என் நிறம் ஏறியது. மூக்கு நுனி மஞ்சளானது, உள்ளங்கால் மஞ்சளானது.

"வியாதி எறங்குது. அதான் வெளியத் தள்ளுது," என்றார் மச்சான்.

ஒரு வாரம் கழித்தும் இறங்காததால், மூலிகைத் தண்ணி பட்டால் போய்விடும் என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக் குற்றாலம் ஐந்தருவிக்குக் கொண்டுபோனார். சீசன் உச்சம். ஆண்கள் பக்கம் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஐந்து கிளையில் தண்ணீர் விழுந்தாலும் ஆண்களுக்கு விட்ட கிளை ஒவ்வொன்றிலும் நூறு தலை. ஒரு மணி நேரம் நின்று, ஒரு கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே தள்ளப்பட்டேன். தண்ணீர் மண்டையில் இடித்ததும் நிலைதடுமாறி, பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன்.

"ஏலே, கையப் பாருலே! காமாலைலே!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. எண்ணெய் தேய்த்த உடம்புகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு விலகின. ஒரு நிமிஷத்தில் அந்தக் கிளை எனக்கு மட்டும் ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து தென்காசிக்காரன் நான், சீசனில் அருவியில் இப்படி ஒரு இடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அனுபவிக்க முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படிக் குளிப்பது? போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"யோவ், என்னய்யா இது, தனியாக் குத்தகைக்கு எடுத்திருக்கியா? வெளிய வாய்யா!"

மச்சான் என்னைத் தெரியாதவர் போல மறுபக்கம் பார்த்து நின்றார்.

அடுத்த நாள் மனைவி யார் சொன்னதையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். ஈரல் சுத்தமாக இருந்தது. "காமாலைன்னா முழி மஞ்சளாகும். உங்களுக்கு முழி வெள்ளையா இருக்கு. என்ன சாப்பிடுதீங்க?" என்றார். நான் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். உடம்பு மாற்றாமல் விட்ட கரோட்டின்தான் தோலில் படிந்திருக்கிறது, தீங்கில்லை, நிறுத்தினால் சில வாரங்களில் தானாகப் போய்விடும் என்றார்.

சில வாரங்கள்! எனக்கு இருந்ததோ பன்னிரண்டு நாள். திருவனந்தபுரத்து டாக்டர் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்து அன்ஃபிட் போட்டுவிட்டால்? நான் யோசித்தேன். யோசித்தால் எனக்கு எப்போதும் ஏதாவது தோன்றிவிடும். மஞ்சள் தோலில் இருக்கிறது. ரெட்டினால் பழைய தோலை உதிர்க்கிறது. அப்படியானால் மஞ்சளும் சேர்ந்து உதிரவேண்டியதுதானே? தின்ற வைட்டமின் ஏ-யைத் தடவுகிற வைட்டமின் ஏ-யால் வெல்வது என்று முடிவுசெய்தேன்.

பட்டாணி அளவு முகத்துக்குத்தான் காணும். நான் ஒவ்வொரு கைக்கும் எலுமிச்சங்காய் அளவு எடுத்தேன். பூசி, சால்னா பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் பையை இரண்டு கையிலும் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாதி டியூப் காலியானது. வந்த துணிகளை மனைவிதான் நீவினாள்.

"உங்களப் பாத்தா யாரோ பார்சல் வாங்கிட்டு மறந்துட்டுப் போன மாதிரி இருக்கு," என்றாள்.

நாலாம் நாள் எரிந்தது. ஆறாம் நாள் விரல் நுனிகள் வெங்காயச் சருகு போல உரிந்தன. உள்ளே வந்த புதுத் தோல் வழவழவென்று, வெளிறி, ரோஜா நிறத்தில் இருந்தது. உள்ளங்கை மட்டும் அப்படியே மஞ்சளாக நின்றது. ஆனாலும் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வாரம் என் போன் விரலுக்குத் திறக்கவில்லை. பழைய போன், சாரலில் ஈரம் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மெடிக்கல் அன்று செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் பஸ்ஸில் போனேன். டாக்டர் கையைப் பார்த்தால் என்ன பதில் சொல்வது என்று ஆரியங்காவு, தென்மலை எல்லாம் தாண்டும் வரை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். டாக்டர் அறை வரைக்கும் போகவே இல்லை. வாசல் மேசையில் ஒரு பெண் கைரேகை இயந்திரத்தை நகர்த்தி வைத்து, விரலை அமர்த்தச் சொன்னாள். அமர்த்தினேன். சிவப்பு விளக்கு. துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். சிவப்பு. பத்து விரலும் வைத்தேன். பத்துக்கும் சிவப்பு. அவள் என் பெருவிரலைத் திருப்பி விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"சேட்டா, இதில் ஒந்நும் இல்லல்லோ!"

உரிந்த தோலோடு ரேகையும் போயிருந்தது; ரேகை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "என்ன பாய் இது? ஆளு நிக்கிறாரு, ஆளே இல்லைங்குது மெஷினு," என்று அவர் தலையில் அடித்துக்கொள்வது சத்தமாகவே கேட்டது. "பத்து நாள் டயம் வாங்குதேன். அதுக்கு மேல அவன் வேற ஆள எடுத்துருவான்."

பத்து நாள். ரேகை எப்போது திரும்பி முளைக்கும் என்று போனின் பெண் குரல் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. மனைவி அந்த டியூபை எடுத்து எங்கேயோ ஒளித்தாள். தினமும் மத்தியானம் என் கையை மடியில் வைத்து விரல் விரலாகத் தேங்காய் எண்ணெய் தடவினாள். விரலைச் சோதிக்க எங்கள் தெருவில் ஒரே இயந்திரம்தான் இருந்தது. தினமும் காலையில் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றேன்.

"பாய், உங்க கார்டுக்கு இந்த மாச அரிசி போட்டாச்சு," என்றாள் கடையில் இருந்த அக்கா.

"அரிசி வேண்டாம்மா. சும்மா விரல மட்டும் வச்சுப் பாத்துக்கிடுதேன்."

முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் வரிசையில் நின்றவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "என்ன பாய், இன்னைக்காவது நீங்க இருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாளும் இல்லை. ஏழாம் நாள் கட்டைவிரலை வைத்தேன், விழவில்லை. ஆள்காட்டி விரல், இல்லை. எட்டாம் நாள் காலையில் வைத்ததும் பச்சை எரிந்தது. "விழுந்துட்டு! பாய்க்கு விழுந்துட்டு!" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். பாமாயில் வாங்க நின்ற ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பச்சை. மூன்றாவது தடவைக்கு அவள் இயந்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை என்னைத் தனியாக விட மனைவிக்கு நம்பிக்கையில்லை. "வழியில எதையாவது படிச்சுத் தொலைப்பீங்க," என்று கூடவே வந்தாள். ரேகை விழுந்தது. டாக்டர் என் உள்ளங்கையைப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்ததை ஆரம்பிப்பதற்குள் "கேரட்டாணோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளைத் திருப்பினார். சாயங்காலம் ஃபிட் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து சொன்னேன்.

"எப்பப் போவணுமாம்?" என்றாள் மனைவி.

"இருபது நாள்ல டிக்கெட் வரும்னு ஏஜெண்ட் சொல்லுதாரு."

அவள் விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த டியூப்ல இன்னும் பாதி கிடக்கு."

கிரீமை வீணாக்கிவிட்டேன் என்று கோபம் என நினைத்தேன். "உன் தங்கச்சிகிட்டயே குடுத்துரு, எனக்கு இனி வேண்டாம்," என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். குளத்துப்புழை வந்தது, தென்மலை வந்தது. ஆரியங்காவு தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏட்டி, நீ சொன்னது... என் விரலுக்கா? நான் போவாம இருக்கவா?"

அவள் முந்தானையால் கண்ணாடியில் படிந்திருந்த சாரலைத் துடைத்தாள்.

"உங்களுக்கு எல்லாத்தையும் யாராவது ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்," என்றாள்.