குழிக்கரையில் பெண் பார்த்தது

எங்கள் அத்தையைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தவர்கள், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு குழியைப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் அப்பாவின் கைங்கரியம்.

அறுபதுகளில் நெய்வேலியில் வீடு இருந்தால் விருந்தாளிக்குப் பஞ்சமே கிடையாது. கடலூர், சிதம்பரம் சொந்தமெல்லாம் சுரங்கம் பார்க்க பஸ் ஏறி வந்துவிடும். அப்பா வேலை பார்த்தது ராட்சச மெஷின்கள் ஓடிய புதுச் சுரங்கத்தில். ஆனால் வருகிறவர்களை அவர் இழுத்துக்கொண்டு போவது பழைய குழிக்கு. கரி இருக்கிறதா என்று முதன்முதலில் வெட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட குழி அது. மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. லீவு நாளில் அதன் கரைக்கற்களுக்கு அப்பா சுண்ணாம்பு அடிப்பார். உட்கார்ந்து பார்க்க ஒரு பலகையும் போட்டிருந்தார். இதை மூடிவிடக் கூடாது, நாளைக்கு உலகமே வந்து பார்க்கும் என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை கடலூர் மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தா. இந்த இடத்தை விட அத்தைக்கு மனசே இல்லை. மணி நாலாகியும் அவர்களைக் காணோம், அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போன அப்பாவையும் காணோம். நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நேரே குழிக்கு ஓடினேன். அப்பா ஆழத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை பஜ்ஜித் தூக்கைக் கையில் எடுத்தாள்.

"அவுங்க வரலன்னா நாம போவோம் அண்ணி."

"பொண்ணு போயி நிக்கிறதா? ஊரு சிரிக்காதா?" என்று அம்மா கத்துவதற்குள் அத்தை பட்டுப்புடவையோடு தெருவில் இறங்கிவிட்டாள். அம்மா காபியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கால் வலியோடு பலகையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாம பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு நம்மளப் பாக்க வந்துடுச்சே!"

நாலரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கையில், வாயில் பஜ்ஜியோடு அவர் சம்மதம் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரையெல்லாம் குதித்தேன்.

பெரியவர்கள் பேச்சில் இருந்தபோது, அத்தை தண்ணீரின் நடுவே கைகாட்டி மாப்பிள்ளையிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். களிமண் வழுக்குமென்று பயந்துவிட்டார் என நினைத்து நான் கைகொட்டிச் சிரித்தேன். குழி வெட்டுவதற்கு முன் அங்கேதான் அப்பாவும் அத்தையும் பிறந்த வீடு இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா எந்த விருந்தாளியிடமும் அதைச் சொன்னதில்லை.