இருபத்தொன்றாம் கட்டம்

அன்றிரவு காட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்.

நான், முதுகலைக் கடைசி ஆண்டு மாணவன். என்கூடப் படித்த கொக்கு. கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். எங்கள் ஆய்வை மேற்பார்வையிட்ட அக்கா. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் காட்டு ஆய்வு நிலையத்தை விட்டு நகராதவர். அப்புறம் சமையல்காரர், அக்கா வந்த காலத்திலிருந்தே அங்கே இருப்பவர்.

நான்கு பேர்தான். பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இது நடந்தது. நான் இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறேன். விடியும்வரை விழித்திருப்பவனுக்குக் கதை கட்ட நேரம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். நேரம் கிடைக்கிறது. கட்டவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்றிரவு யாரும் சாகவில்லை. ரத்தம் தேடி வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வேலை அந்துப்பூச்சிகளை எண்ணுவது. நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு சின்ன வெட்டவெளி. அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருக்கும். துணியில் மையால் இருபது கட்டங்கள். வரிசைக்கு ஐந்து, நான்கு வரிசை. துணியின் அடிவிளிம்பு முழங்கால் உயரத்தில் நிற்கும். முன்பக்கம் ஒரு விளக்கு. இருட்டியதும் பூச்சிகள் வந்து இரண்டு பக்கமும் அப்பிக்கொள்ளும். இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை, அரை மணிக்கு ஒரு தடவை எண்ண வேண்டும். முன்பக்கம் ஓர் ஆள், பின்பக்கம் ஓர் ஆள். முன்பக்கம் இருப்பவர் தன் கட்டங்களை எண்ணி எழுதிவிட்டு, "பின்பக்கம்" என்பார். பின்னால் இருப்பவர் கட்டத்தின் எண்ணையும் பூச்சிகளின் எண்ணிக்கையையும் வரிசையாகச் சொல்வார். முடிந்ததும் முன்னால் இருப்பவர் "சரி" என்பார்.

அக்காவின் விதி ஒன்று உண்டு. துணியைச் சுற்றி மறுபக்கம் போகக் கூடாது. எண்ணைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. பூச்சி கலைந்தால் அந்தக் கணக்கு போச்சு. ஒரு கணக்கு போனால் அந்த இரவே போச்சு.

நிலவில்லாத பன்னிரண்டு இரவுகளின் கணக்கு வேண்டும். பதினொன்று முடிந்திருந்தது. இது பன்னிரண்டாவது. காட்டில் தங்கும் அனுமதி மறுநாளோடு முடிகிறது. இந்த இரவு போனால் பட்டம் போகும்.

இரவு 11.40. கொக்கு விதியை மீறி, துணியைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மச்சி, வயித்துக்குள்ள ராட்டினம் சுத்துது. போயிட்டு அரை மணியில வந்துடறேன்."

"டேய், இது கடைசி ராத்திரிடா. இது போச்சுன்னா நான் மாமா கடையில மூட்டை தூக்கணும்."

"தூக்கு. உடம்புக்கு நல்லது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அவனுடைய சிவப்புக் கைவிளக்கு மரங்களுக்குள் ஆடி ஆடி மறைவதைப் பார்த்தேன்.

12.00. முன்பக்கம் எண்ணினேன். பின்பக்கத்துக்கு நேரே ஒரு கோடு போட்டேன். அக்கா என்ன சொன்னாலும், ஒரே ஒரு கணக்கைக் காய்ச்சல், மழை என்று ஏதாவது சொல்லிக் கல்லூரியில் சமாளிக்கலாம். இரண்டு போனால் முடியாது.

12.30. முன்பக்கம் எழுதி முடித்தேன். கொக்கு வந்த சத்தம் இல்லை. மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே இன்னொரு கோடு போடப் பென்சிலை வைத்தேன்.

"ஒண்ணு... ஆறு."

துணிக்குப் பின்னாலிருந்து.

"ரெண்டு... நாலு. மூணு... ஒம்போது."

அப்பாடா என்றிருந்தது. பூனை மாதிரி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இருபது கட்டமும் சொன்னான். எழுதினேன். "சரி" என்றேன். எண் சொல்லும்போது எல்லாருக்கும் ஒரே குரல்தான். தாழ்ந்த, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

பிறகுதான் ஒன்று தோன்றியது. நான் "பின்பக்கம்" என்று சொல்லவே இல்லை.

இன்னொன்றும். அவன் கைவிளக்கின் சிவப்பு, துணியின் ஓரத்தில் எப்போதும் லேசாகத் தெரியும். இப்போது தெரியவில்லை. மின்கலம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இருட்டில் எப்படி எண்ணினான் என்று நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. எனக்குக் கணக்கு வேண்டியிருந்தது.

1.00. மறுபடியும் நான் கேட்கும் முன்பே ஆரம்பித்தான். பத்தொன்பது. இருபது. "சரி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இருபத்தொண்ணு... ஒண்ணு."

துணியில் இருபத்தொன்றாவது கட்டம் கிடையாது.

விளையாடுகிறான். எனக்குச் சிரிப்புகூட வந்தது. பழக்க தோஷத்தில் கை அதையும் எழுதிவிட்டது.

1.30. குரல் கொஞ்சம் இழுத்தது. தூக்கம் வந்தவன் பேசுவது போல. நாக்கு தடித்தவன் போல. எங்கிருந்து வருகிறது என்பதும் மாறியிருந்தது. முதலில் என் முகத்துக்கு நேராகக் கேட்டது. இப்போது நெஞ்சு உயரத்தில் கேட்டது.

"இருபத்தொண்ணு... ஒண்ணு. இருபத்திரெண்டு... மூணு."

நான் "சரி" சொல்லவில்லை. துணியைப் பார்த்தேன்.

நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பூச்சிகளே இல்லை. சுற்றிலும் அப்பிக்கிடக்கின்றன. அந்த இடம் மட்டும் வெள்ளை. அந்த வெள்ளை மட்டும் என் பக்கம் லேசாகப் புடைத்தது. உள்ளே போனது. புடைத்தது. உள்ளே போனது.

காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை.

கூப்பிட்டிருக்கலாம். "கொக்கு" என்று ஒரு வார்த்தை. கூப்பிட்டால் பூச்சி கலையும்... அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2.00.

"ஒண்ணு... அஞ்சு."

குரல் என் முழங்காலுக்கும் கீழே இருந்து வந்தது.

ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே மூச்சு. ஈரமான, அடைத்த மூச்சு. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கை நிற்கவில்லை.

"இருபது... ரெண்டு."

"இருபத்தொண்ணு... ஒண்ணு."

"இருபத்திரெண்டு... மூணு."

"இருபத்திமூணு... இல்ல."

குனிந்தேன்.

துணியின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. பின்னால் நிற்பவனின் கால் தெரிய வேண்டும். உட்கார்ந்திருந்தால் உடம்பு தெரிய வேண்டும். படுத்திருந்தால் முகமே தெரிய வேண்டும்.

சருகு தெரிந்தது.

வெறும் சருகு.

அந்தச் சருகிலிருந்து...

"இருபத்திநாலு... ரெண்டு."

ஓடினேன்.

நிலையத்தின் கதவு உள்ளே பூட்டியிருந்தது. இரண்டு கையாலும் அடித்தேன். சமையல்காரர் திறந்தார். மணி 2.09.

கொக்கு கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் ஒரு வாளி.

"எப்படா வந்த?"

"பன்னெண்டுக்கு முன்னாடி. நாலு தடவை வாந்தி. ஏன்?"

"திரும்பி வந்தியா இல்லையா?"

"எழுந்து உக்காரவே முடியல. எங்கடா வர்றது?"

சமையல்காரர் சொன்னார். "தம்பி உள்ள வந்ததும் பூட்டுனேன். சாவி என் இடுப்புலதான் இருக்கு. யாரும் வெளிய போகல."

சத்தம் கேட்டு அக்கா தன் அறையிலிருந்து வந்தார். நான் வாய் திறக்கும் முன்பே குறிப்பேட்டைக் கையிலிருந்து வாங்கினார். விளக்கடியில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடினார்.

மூடிய பிறகு சொன்னார்: "இருபத்தொண்ணு, ஒண்ணு. இருபத்திரெண்டு, மூணு. இருபத்திமூணு, இல்ல. இருபத்திநாலு, ரெண்டு."

"இப்பதானே படிச்சீங்கக்கா," என்றான் கொக்கு.

"இல்ல. ஒம்போது வருஷமா மனப்பாடம்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு என்ன சொன்னான்?"

"கேக்கலக்கா. ஓடி வந்துட்டேன்."

"நானும் கேக்கல."

நின்றபடியே சொன்னார். அழவில்லை. கடைக் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். அந்தத் துணிக்கு அப்போது இருபத்தைந்து கட்டம். முன்பக்கம் அக்கா. பின்பக்கம் அவரோடு படித்தவன். கட்டுவிரியன் கடித்திருக்கிறது. அது கடித்தால் வலிக்காது, கொசு கடித்த மாதிரிதான் இருக்கும். அவன் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"குரல் இழுத்துச்சு. தூக்கம்னு நெனச்சேன். இருபத்திநாலு சொன்னான். இருபத்தஞ்சு வரல. கேக்கக் கூடாது, பேசக் கூடாது, அந்தப் பக்கம் போகக் கூடாது. பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் காத்திருந்தேன். விதி என்னுது."

அடிவரிசைத் துணியைக் கிழித்துத்தான் அவன் காலில் கட்டியிருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா எண்ணுவீங்களா?"

மணி 2.18. அக்கா செருப்பை மாட்டினார். பென்சிலின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்கக்கா?"

"ரெண்டரை கணக்கு இருக்குல்ல. முன்பக்கம் ஆள் வேணும்." வாசலில் திரும்பி என்னைப் பார்த்தார். "வரியா? உன் ராத்திரிதானே."

நான் போகவில்லை. கொக்கு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அக்கா தனியாகப் போனார்.

குறிப்பேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது இன்றும் என்னிடம் இருக்கிறது. 2.30 முதல் 5.00 வரை எல்லாக் கணக்கும் அதில் உண்டு. இரண்டு பக்கமும். 2.30க்கு நேரே இருபத்தைந்தாம் கட்டத்தில் அக்காவின் எழுத்தில் ஓர் எண். அதன் கீழே "சரி". அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் இருபதாம் கட்டத்தைத் தாண்டவில்லை. தாளின் அடியில் பின்பக்கம் எண்ணியவரின் பெயர் எழுத ஒரு கோடு உண்டு. அது காலி.

"என் பேரைப் போடு மச்சி. எவனுக்குத் தெரியும்?" என்று கொக்கு ஒரு மாதம் என்னை அரித்தான். நான் போடவில்லை. அந்தத் தாளைக் கொடுக்கவும் இல்லை. நேர்மை என்று நினைக்க வேண்டாம். பயம். பன்னிரண்டாவது இரவு இல்லாத ஆய்வைக் கல்லூரி ஏற்கவில்லை. மாமா கடையில் எட்டு மாதம் மூட்டை தூக்கினேன். பிறகு இந்தக் கிடங்கு.

காலை 5.40க்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. மூவரும் தூங்கியிருக்கவில்லை. சமையல்காரர் எழுந்து போய்த் திறந்தார். வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை.

அக்கா உள்ளே வந்தார். தலைமுடியில் பூச்சிச் செதில்கள் மினுங்கின. முகத்தில் இருந்தது களைப்புதான், வேறொன்றும் இல்லை. குறிப்பேட்டை மேசைமேல் வைத்துவிட்டு நேராகத் தன் அறைக்குள் போனார். அறைக் கதவைத் திறந்தே விட்டார்.

சமையல்காரர் வாசல் கதவை மூடவில்லை.

கதவைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றார். ஓர் ஆள் நுழையத் தேவையான அளவுக்கு. பார்வை தரையில் இருந்தது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவர் தலை மெல்ல வாசலிலிருந்து அக்காவின் அறைப் பக்கம் திரும்பியது. யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போல.

"வாங்க தம்பி," என்றார். என்னிடம் இல்லை.

பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டினார்.